20 லிட்டர் கடலுக்குப் பின்னால் உள்ள கடல்

பெருநகர அடுக்குமாடி வீடுகளில் ஒரு புதிய விருப்பம் பரவி வருகிறது. மேசையின் ஓரத்தில் அடங்கிவிடும் கண்ணாடித் தொட்டி. அதில் 20 அல்லது 30 லிட்டர் உப்புநீர். நீல விளக்கொளியில் அசையும் பவள உயிர்கள். ஓரிரு கோமாளி மீன்கள். 'நானோ ரீஃப்' என்று இதற்குப் பெயர். இதை விற்பவர்கள் பெரும்பாலும் இரண்டு உறுதிமொழிகளைத் தருகிறார்கள். சிறியது ஆகையால் பராமரிப்பது எளிது என்பது ஒன்று. சிறியது ஆகையால் கடலுக்கு இதனால் கேடில்லை என்பது மற்றொன்று. இரண்டுமே பிழை. முதற்பிழையால் தொட்டியில் உள்ள உயிர்கள் மடிகின்றன. இரண்டாவதால் கடலில் உள்ள பவளப்பாறைகள் குறைகின்றன.

முதலில் நீரின் கணக்கைப் பார்க்கலாம். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்துள்ளது. 20 லிட்டருக்கு 700 கிராம். நீர் ஆவியாகும், உப்பு ஆவியாவதில்லை. மே மாத வெப்பத்தில், மின்விசிறிக்கு அடியில், ஒரு லிட்டர் நீர் ஆவியாகிவிட்டால் அதே 700 கிராம் உப்பு 19 லிட்டரில் நிற்கும். உவர்ப்பு லிட்டருக்கு ஏறத்தாழ 37 கிராமாக உயரும். இரண்டு லிட்டர் போனால் 39ஐ நெருங்கும். இதே ஒரு லிட்டர் 400 லிட்டர் தொட்டியிலிருந்து ஆவியானால் உவர்ப்பு 35.1ஐக்கூட எட்டாது. பவளப்பாறையைச் சூழ்ந்த கடலில் இந்த அளவு மாற்றம் ஓரிரு நாளில் நிகழ்வது அரிது. வீட்டுக்காரர் வெளியூர் போன ஒரு வாரக்கடைசியில் சிறிய தொட்டியில் அது நிகழ்ந்துவிடுகிறது.

அவர் திரும்பி வந்து, குறைந்த நீரை உப்புநீரால் ஈடுசெய்தால் நிலைமை மேலும் மோசமாகும். ஊற்ற வேண்டியது உப்பற்ற தூயநீர். குழாய்நீரும் உதவாது. அதில் உள்ள குளோரினும், சில வேளை கலந்துவரும் செம்பும் முதுகெலும்பற்ற உயிர்களைக் கொல்லும். ஆகவே ஆர்.ஓ. கருவி வேண்டும். அக்கருவி ஒரு லிட்டர் தூயநீருக்கு அதைவிட மிகுதியான நீரைக் கழிவாக வெளியே விடும். குடிநீர் லாரிக்காகக் காத்திருக்கும் நகரங்களில் இதையும் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வெப்பமும் அப்படியே. பவள உயிர்கள் பெரும்பாலும் 25 முதல் 27 பாகை செல்சியசில் நலமாக இருப்பவை. நீரின் கொள்ளளவு குறையக் குறைய அது அறையின் வெப்பத்தை விரைவாக வாங்கிக்கொள்கிறது. பிற்பகல் இரண்டு மணிக்கு மின்சாரம் நின்றால், பெரிய தொட்டியில் வெப்பம் ஏறுவதற்குள் மின்சாரம் திரும்பி வந்துவிடலாம். சிறிய தொட்டிக்கு அந்த அவகாசம் இல்லை. ஒரு நத்தை பாறையிடுக்கில் இறந்து அழுகினால், பெரிய தொட்டியில் அது கவனத்திற்கே வராது. சிறிய தொட்டியில் அதிலிருந்து எழும் அம்மோனியா மற்ற உயிர்களையும் கொல்லப் போதுமானது. எனவே 'தொடக்கநிலையாளருக்கு ஏற்றது' என்ற சொல்லைச் சிறிய தொட்டியின் மீது ஒட்டுவது பொருந்தாது. விலை குறைவு, இடம் குறைவு என்பவை உண்மை. பொறுப்பு குறைவு என்பது உண்மையன்று.

பொறுமையும் வேண்டும். உயிர்களின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், வேறுவகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதலிரண்டும் நஞ்சு, மூன்றாவது ஒப்பளவில் தீங்கு குறைந்தது. இந்த நுண்ணுயிர்கள் பாறையின் நுண்துளைகளில் குடியேறிப் பெருகுவதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை மீன் கூடாது, பவளம் கூடாது. வெறும் நீரையும் கல்லையும் பார்த்துக்கொண்டு, பரிசோதனைக் குப்பிகளில் நிறம் மாறுவதைக் குறித்துக்கொண்டிருக்க வேண்டும். தொட்டியை வாங்கிய அன்றே மீனையும் கட்டிக் கொடுத்து அனுப்பும் வணிகம் இந்தக் காத்திருப்பை விரும்புவதில்லை. இறந்த மீனுக்குப் பதிலாக மறுவாரம் இன்னொரு மீன் விற்கும் அல்லவா!

இனி இரண்டாவது உறுதிமொழி. ஒரு சிறிய தொட்டி கடலை என்ன செய்துவிடும் என்ற கேள்வி நியாயமானது போலத் தோன்றும். இதற்கான விடையை இங்கிலாந்தின் வரலாறு 170 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறது. 1846இல் ஆன்னா தைன் என்ற பெண்மணி டார்க்கி கடற்கரையிலிருந்து சிறு கல்பவள உயிர்களை லண்டனுக்குக் கொண்டு சென்று வீட்டில் உயிரோடு காத்தார். மோட்டார் இல்லாத காலம் அது. பணிப்பெண் நீரை ஒரு கலத்திலிருந்து மற்றொரு கலத்திற்கு மீண்டும் மீண்டும் ஊற்றியே அதற்குக் காற்றூட்டினார். 1854இல் பிலிப் ஹென்றி காஸ் என்ற இயற்கையாளர் வீட்டுக் கடல்தொட்டி பற்றி எழுதிய நூல் நாடெங்கும் அந்த ஆசையை மூட்டியது. மக்கள் கூடையும் உளியுமாக டெவன் கரைக்குத் திரண்டனர். பாறைக்குட்டைகளில் இருந்த கடல் சாமந்திகளும் பாசிகளும் வழித்தெடுக்கப்பட்டன. பல்லாண்டுகள் கழித்து, 1907இல், காஸின் மகன் எட்மண்ட் தம் தந்தையைப் பற்றிய நூலில், அந்தக் கரையின் அழகு அழிந்ததையும், கடலை நேசிக்கக் கற்பித்த நூல்களே அந்த அழிவுக்கு வழி திறந்ததையும், அதை முன்கூட்டி அறியாத தந்தை பின்னர் வருந்தியதையும் பதிவு செய்தார்.

அன்றைய தொட்டிகள் யாவும் சிறியவை. எவரும் கடலை அழிக்க எண்ணவில்லை. ஒவ்வொருவரும் எடுத்தது ஒரு கூடைதான். ஆனால் கரை ஒன்றுதான். கூடைகளோ ஆயிரக்கணக்கில் இருந்தன. 'என் தொட்டி சிறியது' என்ற வாதம் உடைவது இந்த இடத்தில்தான்.

இன்றைய உலகச் சந்தையின் அளவு அதைவிடப் பெரிது. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் உலகப் பாதுகாப்புக் கண்காணிப்பு மையம் 2003இல் வெளியிட்ட அறிக்கை, அலங்காரத்துக்காக ஆண்டுதோறும் 2 கோடி முதல் 2.4 கோடி வரையிலான கடல்மீன்கள் வணிகமாவதாக மதிப்பிட்டது. நன்னீர் அலங்கார மீன்களில் மிகப்பெரும்பாலானவை பண்ணைகளில் பிறந்தவை. கடல்மீன்களில் நிலைமை தலைகீழ். மிகப்பெரும்பாலானவை கடலிலிருந்து பிடிக்கப்பட்டவை. பிலிப்பைன்சிலும் இந்தோனேசியாவிலும் பாறையிடுக்குகளில் சயனைடு கரைசலைப் பீய்ச்சி மீன்களை மயக்கிப் பிடிக்கும் முறை நெடுங்காலம் நடந்தது. மீன் மயங்கும், அருகில் உள்ள பவளம் சாகும்.

இந்தியாவில் பவளப்பாறைகள் பரந்து கிடப்பவையல்ல. லட்சத்தீவு, அந்தமான் நிக்கோபார், கட்ச் வளைகுடா, மன்னார் வளைகுடா ஆகிய நான்கு பகுதிகளிலேயே அவை பெரும்பாலும் ஒடுங்கியுள்ளன. ஆகவேதான் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001ஆம் ஆண்டு பாறைகட்டும் கல்பவளங்கள் அனைத்தும், கரும்பவளம், தீப்பவளம், கடல் விசிறி ஆகியவையும் சேர்க்கப்பட்டன. கடற்குதிரையும் கடல் அட்டையும் அதே ஆண்டில் அந்தப் பாதுகாப்பைப் பெற்றன. முதல் அட்டவணை என்பது புலிக்கும் யானைக்கும் உரிய இடம். மீறினால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. உயிருள்ள பவளத்துக்கு மட்டுமன்று, அதன் இறந்த கல்லுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. எனவே 'லைவ் ராக்' என்ற பெயரில் விற்கப்படும், பவளப்பாறையிலிருந்து பெயர்த்தெடுத்த கல் வெறும் கல்லன்று; பவளங்கள் நூற்றாண்டுகளாகக் கட்டிய சுவரின் ஒரு துண்டு. வரவேற்பறையில் புலித்தோலைத் தொங்கவிடக் கூசுபவர் கல்பவளத்தைப் பெருமையோடு காட்டுவதற்குக் காரணம் அறியாமைதான். சட்டம் இரண்டையும் ஒரே வரிசையில் வைத்திருக்கிறது.

இங்கே மறுதரப்பின் வாதத்தையும் மதிப்போடு கேட்க வேண்டும். பவளத்தை ஒடித்து நட்டால் வளரும். ஒரு தாய்த்துண்டிலிருந்து நூறு துண்டுகளைப் பெறலாம். அப்படி வீட்டில் வளர்ந்ததைக் கடலிலிருந்து பெயர்த்ததோடு சேர்த்துத் தடைசெய்வது முறையா என்று கேட்கிறார்கள். பவள வளர்ப்பில் இன்று அறிவியல் பயன்படுத்தும் நுட்பங்கள் பலவற்றை முதலில் பழகிப் பார்த்தவர்கள் இந்த வீட்டு ஆர்வலர்களே என்றும் சொல்கிறார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் கடைத்தொட்டியில் அருகருகே இருக்கும் இரண்டு துண்டுகளில் எது வளர்ந்தது, எது திருடப்பட்டது என்று எந்தக் கண்ணாலும் சொல்ல முடியாது. பிறப்பிடத்தை மெய்ப்பிக்கும் ஏற்பாடு இல்லாத நாட்டில், 'வளர்த்தது' என்ற சொல் திருடியதற்குப் போர்வையாகிவிடும். அந்த ஏற்பாடு வரும்வரை கல்பவளத்துக்கான தடை நீடிப்பதே சரி.

அதேவேளை, தடை ஒன்றே தீர்வு என்பதும் ஏற்கத்தக்கதன்று. 2017இல் மீன்தொட்டிக் கடைகளுக்கென நடுவண் அரசு கொண்டுவந்த விதிகள் 158 இனங்களின் விற்பனையை ஒட்டுமொத்தமாகத் தடுத்தன. கோமாளி மீனும் அப்பட்டியலில் இருந்தது. கடலில் பிடித்ததா, பண்ணையில் பிறந்ததா என்ற வேறுபாடு அங்கே இல்லை. பின்னர் அவ்விதிகள் திரும்பப் பெறப்பட்டன. கேட்க வேண்டிய கேள்வி 'எந்த மீன்' என்பதோடு நின்றுவிடக் கூடாது. 'எங்கே பிறந்த மீன்' என்பதும் கேட்கப்பட வேண்டும்.

அந்தக் கேள்விக்கு விடை தரும் ஆற்றல் இந்நாட்டு அறிவியலுக்கு உண்டு. கோமாளி மீன் கடினமான பரப்பில் முட்டையிடும். ஆண்மீன் காவல் காக்கும். ஒரு வாரத்தை ஒட்டிக் குஞ்சு வெளிவரும். இந்த இயல்பால் அதைப் பண்ணையில் பெருக்குவது இயலும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் விழிஞ்ஞத்திலும் மண்டபத்திலும் கோமாளி மீன்கள், டாம்செல் மீன்கள் எனப் பல இனங்களின் குஞ்சு உற்பத்தி முறையை உருவாக்கிவிட்டது. தேசிய மீன் மரபணு வளங்கள் பணியகம் லட்சத்தீவின் அகத்தி தீவில் அலங்கார இறால்களைப் பெருக்கி, தீவின் பெண்களிடம் வளர்க்கக் கொடுத்துள்ளது. பவளப்பாறையை உடைக்காமல் அதன் அருகிலேயே வாழ்பவர்களுக்கு வருவாய் கிடைக்கும் வழி இது. குறைவது ஒன்றே: அந்த மீனும் இறாலும் நகரத்துக் கடைக்கு வரும்போது, அவை பண்ணையில் பிறந்தவை என்று சொல்லும் ஒரு சான்றுச்சீட்டு. பண்ணையிலிருந்து வாங்குபவர் கைவரை தொடரும் அத்தகைய சான்றை நடைமுறைப்படுத்துவது அரசின் கடமை. அதைக் கேட்டு வாங்குவது நுகர்வோரின் கடமை.

ஆகவே நேர்மையான சிறிய கடல்தொட்டி ஒன்று இந்தியாவில் எப்படி இருக்கும்? அதன் பாறை கடலில் பெயர்த்ததாக இராது. சுட்ட மண்ணாலோ சிமெண்டாலோ நுண்துளைகளுடன் செய்ததாக இருக்கும். நுண்ணுயிர்கள் குப்பியிலிருந்தோ முதிர்ந்த மற்றொரு தொட்டியின் வடிகட்டியிலிருந்தோ வரும். 20 லிட்டரில் மீனே இராது. பண்ணையில் பிறந்த இறால் இரண்டு, நத்தை ஒன்று, கடற்பாசி சிறிது என்று அமைதியாக இருக்கும். கோமாளி மீன் இணை வேண்டுமென்றால் தொட்டி அதைப்போல் நான்கு மடங்காவது வேண்டும். அந்த மீன் நன்கு பராமரித்தால் பத்தாண்டுக்கு மேலும் வாழும் என்பதையும் வாங்குமுன் எண்ண வேண்டும். கல்லெலும்பு இல்லாத சோவாந்திட் போன்றவற்றை நாடுவோருக்கு ஓர் எச்சரிக்கை: அவற்றில் சிலவற்றுக்குள் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. அவை ஒட்டிய கல்லைக் கொதிநீரில் கழுவியபோது எழுந்த ஆவியால் குடும்பத்தினர் நோயுற்ற நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. குழந்தைகள் உள்ள வீட்டில் இது சிறு செய்தியன்று.

இத்தகைய தொட்டி கண்ணைப் பறிக்காது. படங்களில் காணும் வண்ணக்காட்டுக்கு முன் எளிமையாகத்தான் தோன்றும். ஆனால் வளர்ப்பவருக்கு அது ஒன்றைக் கற்பிக்கும். கோடையின் உச்ச வெப்பத்தைவிட ஒரே ஒரு பாகை கூடுதலாகச் சில வாரங்கள் நீடித்தால் போதும். பவளம் தன்னுள் வாழ்ந்து தனக்கு உணவூட்டும் பாசியை இழந்து வெளிறத் தொடங்கும். 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் லட்சத்தீவின் பாறைகள் அப்படி வெளிறின. செய்தித்தாளில் படிக்கையில் ஒரு பாகை என்பது ஒன்றுமில்லை. மின்விசிறியும் பனிக்கட்டியுமாக ஒரு மே மாதம் முழுவதும் தன் தொட்டியில் அந்த ஒரு பாகையோடு போராடியவருக்கு அதன் பொருள் தெரியும். அவருடைய தொட்டியில் நீரை மாற்றலாம், விளக்கை அணைக்கலாம். லட்சத்தீவுக்கு அந்த வசதி இல்லை. இதை உணர்ந்தவர் அங்கிருந்து ஒரு கல்லையும் எடுத்துவரச் சொல்லமாட்டார்.