பொறிக்குப் பெயர் உண்டு, உயிருக்கு இல்லை

கூடை நட்சத்திரத்துக்கும் இலக்கியத்துக்கும் என்ன உறவு என்று வினவும் நண்பர்கள் நம்மிடையே பலர். உயிர்களுக்கு இலத்தீன் பெயர் சூட்டிக் குப்பியில் அடைப்பது எழுத்தர் வேலை, கடலைப் பாடுவதே கவிஞர் வேலை என்பது அவர்தம் கட்சி. இக்கட்சியை நாம் ஏற்பதற்கில்லை. நெய்தல் என்றவுடன் உருகும் நம்மவருள் எத்தனை பேர் வங்கக் கடலில் வாழும் பத்து உயிர்களை, மீன்கடையில் விலைபேசுபவை நீங்கலாக, பெயர் சொல்லிக் காட்டுவர்?

கூடை நட்சத்திரம் மீனன்று, நட்சத்திரமீனும் அன்று. முட்தோலிகளுள் நொறுங்கு நட்சத்திரம் எனத்தக்க வகுப்பைச் சேர்ந்தது. நடுவே ஒரு தட்டு. அதிலிருந்து பெரும்பாலும் ஐந்து கைகள். ஒவ்வொரு கையும் இரண்டாய்க் கவைத்து, கவைத்தவை மீண்டும் மீண்டும் கவைத்து, நுனியில் கொடிச்சுருளாய் முடிகின்றன. கடல்விசிறியின்மேல் ஏறி, நீரோட்டத்துக்கு எதிரே கைகளை விரித்து, மிதந்துவரும் சிற்றுயிர்களை நுண்கொக்கிகளால் பற்றி உண்ணும். கண்ணில்லை, மூளையில்லை, கழிவாயுமில்லை. 1758இல் லின்னேயசு இவற்றுள் ஓரினத்துக்கு 'மெதூசாவின் தலை' என்று பெயரிட்டார். கிரேக்கப் புராணத்தின் பாம்புக்கூந்தலாளை நினைத்து இட்ட பெயர். பெயரிடுதல் இலக்கியச் செயலன்று என்போர் இதனைக் கருதுக.

இனம் துணிவது எளிதன்று. படம் பார்த்த அளவில் சொல்லிவிட முடியாது. கை எவ்விடத்தில் முதன்முறை கவைக்கிறது, தட்டின் மேற்றோலில் மணிகள் எவ்வாறு பரந்துள்ளன, கையைச் சுற்றும் கொக்கிவளையம் எங்குத் தொடங்குகிறது, முட்கள் எத்தனை என்று உருப்பெருக்கியின் கீழ் எண்ண வேண்டும். இளையதும் முதிர்ந்ததும் வெவ்வேறு இனமெனத் தோன்றி ஏமாற்றுவதுண்டு. சாராயத்தில் இட்டால் நிறம் போகும். அமிலமேறிய ஃபார்மலினில் சுண்ணாம்புச் சில்லுகள் கரையும். வலையில் இழுபடும்போதே கைகள் ஒடிந்துவிடலாம். ஏட்டுச்சுவடிகளில் பாடவேறுபாடு ஒப்புநோக்கியோர்க்கு இவ்வுழைப்பு அயலானதா? உ.வே.சா.வின் பதிப்புழைப்பைப் போற்றும் நாம், ஒரு கையின் முட்களை எண்ணுபவரைக் கண்டு நகைப்பது எவ்வாறு பொருந்தும்? மூலச்சுவடிக்கு நிகராக அங்கே 'வகைமாதிரி' என ஒன்றுண்டு. எவ்வகை ஐயமும் இறுதியில் அதனிடமே சென்று தீரும்.

நம் கடலின் வகைமாதிரிகள் எங்கே போயின என்பதும் கேட்கத்தக்கதே. ஆங்கிலேயர் காலத்து அளவைக் கப்பலான 'இன்வெஸ்டிகேட்டர்' வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் ஆழ்கடல் துருவியது. 1888 முதல் 1892 வரை அதில் மருத்துவராகவும் இயற்கை ஆய்வாளராகவும் இருந்தவர் ஆல்காக். அக்கப்பல் திரட்டிய ஆழ்கடல் நொறுங்கு நட்சத்திரங்களை பிரான்சின் லியோன் நகரப் பேராசிரியர் கோலர் ஆராய, கல்கத்தா இந்திய அருங்காட்சியகம் 1899இல் நூலாக்கியது. ஆல்காக் மீதோ கோலர் மீதோ நமக்குப் பகையில்லை, அவர்கள் செய்தார்கள். நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின்னும் அந்நூலின் செய்தியைத் தமிழ் வாசகன் தமிழில் அறிய வழியின்றி விட்டது யார் பிழை?

உடனே ஒருவர் எழுந்து, தொல்காப்பியர் அன்றே உயிர்களை வகைப்படுத்தினார் என்பார். உண்மை. மரபியல் ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்குகிறது. நத்தையும் சிப்பியும் ஈரறிவின. ஆனால் அவ்வாசிரியர் ஒவ்வொரு வகையின் முடிவிலும் அக்கிளையில் பிறவும் உள என்று கூறிக் கதவைத் திறந்தே வைத்தார். கதவை அடைத்துவிட்டு வாயிலில் அமர்ந்து பெருமை பேசுவது நம் தலைமுறையின் வேலையாயிற்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி மீன்பெயர்களுக்கு நேரே விலங்கியற் பெயரையும் அச்சிட்டது என்பதையேனும் இப்பெருமையாளர் புரட்டிப் பார்க்கட்டும். அக்காலப் புலவர்க்கு இருந்த நாணமின்மை, அல்லது துணிவு, நமக்கு இல்லை.

இதனிடையே ஆழ்கடல் வெறுமனே காத்திருக்கவில்லை. நடு இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் பல்லுலோக முண்டுகளைத் தேட 2002இல் சர்வதேசக் கடற்படுகை ஆணையத்துடன் இந்தியா ஒப்பந்தம் செய்தது. பள்ளிக்கரணையின் தேசிய பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிய சுரங்கப் பொறி 2021இல் அங்கே 5,270 மீட்டர் ஆழத்தில் ஓட்டிப் பார்க்கப்பட்டது. பொறியின் பெயர் வராகா. மூவர் சென்றுவர வடிவமைத்த நீர்மூழ்கியின் பெயர் மத்ஸ்யா 6000. புராணம் முழுவதையும் இரும்புக்குக் கொடுத்தாயிற்று. ஒரு முண்டு சில மில்லிமீட்டர் வளரப் பத்து இலட்சம் ஆண்டாகும். சேற்றுப்படுகையில் பற்றிக்கொள்ள வன்தளம் தேடும் உயிர்களுக்கு அம்முண்டே திண்ணை. ஆழ்கடல் திட்டத்தில் பல்லுயிர் ஆய்வும் ஒரு கூறு என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும் சக்கரம் முந்துமா, பெயர் முந்துமா என்பதில் நமக்கு ஐயமுண்டு.

ஐயத்துக்குக் காரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. எவை அழிந்தன என்று சொல்ல, முன்னர் எவை இருந்தன எனும் பதிவு வேண்டும். பதிவில்லா உயிருக்கு இழப்பீட்டுப் படிவத்தில் கட்டமில்லை. நாம் வசிக்கும் கொடுங்கையூரின் குப்பைமேட்டில் பொறுக்கி வாழ்வோர் பிளாஸ்டிக்கைக் கையால் தடவியே இனம் பிரிப்பர். அது வயிற்றுக்கான வகைப்பாடு, ஆனால் பிழையற்றது. சில கிலோமீட்டர் கிழக்கே காசிமேட்டிலோ, இழுவைமடியில் ஏறிவரும் பெயரறியா உயிர்கள் எல்லாம் 'கழிவு' எனும் ஒற்றைச் சொல்லில் அடங்கித் தீவனத்துக்குப் போகின்றன. விசைப்படகுத் தொழிலாளர்க்கு அவற்றைத் தெரியாமலில்லை. அவரைக் கேட்டு எழுதிக்கொள்ள எவரும் நிற்பதில்லை.

எனவே மாணவர்களிடம் நாம் சொல்வது இது. வலையில் அத்தகைய உயிர் வந்தால் ஈரம் காயுமுன் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். மடி இறங்கிய ஆழம், நாள், இடம், எதன்மேல் பற்றியிருந்தது என்பவற்றைப் பென்சிலால் எழுதிச் சாராயக் குப்பியுள் இடுங்கள். சாந்தோம் நெடுஞ்சாலையில் இந்திய விலங்கியல் அளவைத்துறையின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது, அங்குக் கொண்டு சேருங்கள். தாளில் படகோட்டியின் பெயரையும் அவர் அவ்வுயிரை அழைக்கும் பெயரையும் தமிழிலேயே எழுதுங்கள்.