தட்டு கம்பெனியுடையது, பாட்டு யாருடையது?

அமெரிக்கப் பாட்டு என்றாலே நம் தோழர்களில் பலர் முகம் சுளிக்கிறார்கள். வியட்நாமில் குண்டு போட்ட நாட்டின் பாட்டு நமக்கு எதற்கு என்று கேட்கிறார்கள். கேள்வியில் உள்ள கோபம் நியாயமானது, கணக்குத்தான் தவறு. குண்டு போட்டது அந்நாட்டு சர்க்கார். பாட்டுக் கட்டியவர்களோ பஞ்சாலைத் தொழிலாளி, சுரங்கத் தொழிலாளி, பிறர் நிலத்தில் பருத்தி எடுத்த வாரக்குடி. இரு தரப்பையும் ஒரே பேரேட்டில் எழுதலாமா?

அங்கே 'கன்ட்ரி' என்று பெயர் பெற்ற நாட்டுப்புற இசையைப் பற்றித்தான் சொல்லுகிறேன். அகன்ற தொப்பியும் ஜிகினாச் சட்டையும் கிடாருமாக நிற்கிற படத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். அந்த உடுப்பு பின்னால் வந்தது. முதலில் வந்தது பஞ்சுத் தூசி.

1923ம் ஆண்டு ஜூன் மாதம், ஓக்கே என்ற கிராமபோன் தட்டுக் கம்பெனியின் ரால்ப் பியர் என்பவர் அட்லான்டா நகரில் ஜான் கார்சன் என்ற பிடில்காரரின் பாட்டைப் பதிவு செய்தார். கார்சன் அந்நகரப் பஞ்சாலைகளில் உழைத்தவர். பியருக்கு அவர் குரல் சகிக்கவில்லை. ஆனால் அடித்த 500 தட்டுகளும் மளமளவென்று விற்றுப் போயின. உடனே கம்பெனிகள் தெற்கு மாகாணங்களின் ஆலைக் குடியிருப்புகளையும் மலையூர்களையும் தேடி ஓடின. இரண்டே ஆண்டில், 1925ல், வட கரோலினா பஞ்சாலையில் சிறு வயதிலேயே வேலைக்குப் போன சார்லி பூல் என்பவரை கொலம்பியா கம்பெனி பிடித்துக்கொண்டது. அவருடைய முதல் தட்டு 1 லட்சத்துக்கு மேல் விற்றது. அந்தப் பதிவுக்கு அவர் குழுவினர் மூவருக்கும் சேர்த்துக் கிடைத்த தொகை 75 டாலர். மீதி எங்கே போயிற்று என்று கேட்கவும் வேண்டுமா?

பியர் கெட்டிக்காரர். பின்னால் விக்டர் கம்பெனிக்குப் போனபோது எனக்குச் சம்பளமே வேண்டாம், பாட்டுகளின் பதிப்புரிமை வருமானம் போதும் என்று ஏற்பாடு செய்துகொண்டார். 1927ல் டென்னசி மாகாணத்து பிரிஸ்டல் ஊரில் இருந்துகொண்டு, சுற்றுவட்டாரப் பாடகர்களை வரவழைத்து, ஒரு தட்டுப் பக்கத்துக்கு 50 டாலர் வீதம் கொடுத்துப் பதிவு செய்தார். கார்ட்டர் குடும்பமும், ரயில்வேயில் வேலை செய்து காசநோயால் வேலையை இழந்த ஜிம்மி ராட்ஜர்சும் அங்கேதான் வெளிப்பட்டார்கள். ராட்ஜர்ஸ் 1933ல், கடைசிப் பதிவு முடிந்த இரண்டாம் நாள், 35 வயதில் அதே நோயால் இறந்தார்.

அதோடு கம்பெனிகள் இன்னொரு காரியமும் செய்தன. வெள்ளைத் தொழிலாளி பாடினால் ஒரு ஜாபிதா. அதற்கு 'ஹில்பில்லி' என்று, மலைநாட்டானை ஏளனம் செய்யும் பெயர். கறுப்புத் தொழிலாளி பாடினால் வேறு ஜாபிதா. அதற்கு 'ரேஸ்', அதாவது இனம் என்று பெயர். இசையில் அப்படி ஒரு வேலி கிடையாது. பாஞ்சோ வாத்தியமே ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டு வரப்பட்டவர்கள் உண்டாக்கியது. கார்ட்டர் குடும்பத்தின் தலைவர் ஏ. பி. கார்ட்டர் பாட்டுச் சேகரிக்க ஊர் ஊராகப் போனபோது கூடவே போனவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பர். சிமெண்ட் ஆலை விபத்தில் ஒரு காலை இழந்தவர். கார்ட்டர் வார்த்தைகளை எழுதிக்கொள்வார். ரிடில் மெட்டை மனத்தில் ஏற்றிக்கொண்டு வருவார். தட்டில் அச்சான பெயர் கார்ட்டருடையது மட்டும்.

நாஷ்வில் நகரின் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' வானொலி மேடையைச் சொல்லாமல் கன்ட்ரி இசை இல்லை. ஓர் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி நடத்திய நிலையம் அது. அதன் ஆரம்ப காலத்துப் பெரிய நட்சத்திரங்களில் ஒருவர் டிஃபோர்ட் பெய்லி என்ற கறுப்பர். மவுத் ஆர்கனில் ரயில் ஓடுகிற சத்தத்தையே கொண்டு வருவார். வெளியூர்க் கச்சேரிகளில் கூட வந்த வெள்ளையர்களுக்கு ஹோட்டலில் அறை கிடைக்கும், அவருக்குக் கிடைக்காது. 1941ல் அவரை வெளியேற்றினார்கள். பிறகு அதே ஊரில் செருப்புக்குப் பாலிஷ் போட்டுப் பிழைத்தார். 1982ல் இறந்தார். கன்ட்ரி இசையின் கௌரவ மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தது 2005ல்!

1970ல் லிண்டா மார்டெல் என்ற கறுப்புப் பெண்மணி ஒரு நல்ல ஆல்பம் பாடினார். அதை வெளியிட்ட கம்பெனிக்குப் பெயர் என்ன தெரியுமா? 'பிளாண்டேஷன் ரிக்கார்ட்ஸ்'. அடிமைகளை வைத்துப் பருத்தி பயிரிட்ட பண்ணையின் பெயர்! கம்பெனியோடு தகராறு வந்து, அந்த ஒரே ஆல்பத்தோடு அவர் பாட்டு நின்றுபோயிற்று. 2024ல் பியான்சே 'கௌபாய் கார்ட்டர்' ஆல்பத்தில் அந்த மூதாட்டியின் குரலைச் சேர்த்தார். அந்த ஆல்பம் கன்ட்ரி விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஒரு கறுப்புப் பெண் அங்கே முதலிடம் பெற ஒரு நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

இந்த வேலியை ஆலை வாசலில் உடைக்க முயன்றவர் எல்லா மே விக்கின்ஸ். நம் பஞ்சாலைத் தோழர்கள், முக்கியமாகப் பெண் தோழர்கள், இந்தப் பெயரை நினைவில் வைக்க வேண்டும். வட கரோலினாவின் காஸ்டன் மாவட்டத்தில் நூற்பாலைத் தொழிலாளி. வாரச் சம்பளம் சுமார் 9 டாலர். ஒன்பது குழந்தைகளில் நான்கைப் பறிகொடுத்தவர். 1929ல் காஸ்டோனியா ஊரின் லோரே ஆலையில், கம்யூனிஸ்டுகள் வழிநடத்திய தேசிய பஞ்சாலைத் தொழிலாளர் சங்கத்தின் தலைமையில் வேலை நிறுத்தம் நடந்தது. வேறு ஆலையில் வேலை செய்த எல்லா மே அந்தச் சங்கத்தில் சேர்ந்தார். பழைய மலைநாட்டு மெட்டுகளில் சம்பளத்தைப் பற்றியும் பிள்ளைகளின் பட்டினியைப் பற்றியும் பாட்டுக் கட்டிக் கூட்டங்களில் பாடினார். அவர் குடியிருந்ததே கறுப்பு மக்களின் தெருவில். அவர்களையும் அதே சங்கத்தில் சேர்க்க வேண்டும் என்று நின்றார். செப்டம்பர் 14 அன்று, லாரியில் கூட்டத்துக்குப் போன அவரைத் துப்பாக்கிக் கும்பல் வழிமறித்துச் சுட்டுக் கொன்றது. அப்போது அவருக்கு 29 வயது நிறையவில்லை. வழக்கில் சிக்கிய ஆலை ஆட்கள் அனைவரும் விடுதலை ஆனார்கள். அவர் பாட்டை அவருடைய சவ அடக்கத்தில் பாடினார்கள்.

மறு ஆண்டு, அதே மாவட்டத்துப் பஞ்சாலைத் தொழிலாளி டேவ் மக்கார்ன் ஆலைப் பிழைப்பைக் கேலி செய்து பாடியதை விக்டர் கம்பெனி தட்டாகப் போட்டது. சிரிக்க வைத்தால் முணுமுணுப்பும் சரக்குத்தான். எல்லா மே தன் குரலைத் தட்டில் கேட்காமலே போனார்.

இனி சுரங்கத்துக்கு வருவோம். கெண்டக்கி மாகாணத்துச் சுரங்கத் தொழிலாளியின் மகன் மெர்ல் டிராவிஸ், அபாரமான கிடார்காரர். 1946ல் கேப்பிடல் கம்பெனி அவரிடம் பழைய நாட்டுப்பாடல்கள் கேட்டது. பழையதையெல்லாம் மற்றவர்கள் பாடியாகிவிட்டதே என்றார். அப்படியானால் புதிதாக எழுது என்றார்கள்! எழுதினார். 1947ல் 'ஃபோக் சாங்ஸ் ஆஃப் தி ஹில்ஸ்' வெளிவந்தது. அந்நாளில் ஆல்பம் என்றால் நிஜமாகவே ஆல்பம்: பல தட்டுகளை உறைகளில் செருகி, புகைப்பட ஆல்பம் போல் பைண்டு செய்திருப்பார்கள். அதில் இரண்டு பாட்டுகள் முக்கியம். 'சிக்ஸ்டீன் டன்ஸ்' கம்பெனிக் கடையின் கடனைப் பற்றியது. சுரங்க ஊர்களில் கூலியைப் பணமாகத் தராமல் கம்பெனி அடித்த டோக்கனாகத் தருவார்கள். அது கம்பெனிக் கடையில் மட்டும் செல்லும். கணக்குப் பார்த்தால் கூலியை விடக் கடன் உயர்ந்து நிற்கும். பண்ணைக் கடனில் தலைமுறை தலைமுறையாக உழன்ற குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இன்னொன்று 'டார்க் ஆஸ் எ டஞ்சன்'; பாதாளச் சிறையின் இருட்டு என்று பொருள்.

ஆல்பம் சரியாக விற்கவில்லை. டிராவிஸ் கம்யூனிஸ்ட் அனுதாபி, அவர் தட்டுகளைப் போடாதீர்கள் என்று எஃப்.பி.ஐ. ஆள் ஒருவர் வந்து சொன்னதாக, அப்போது சிகாகோ வானொலியில் இருந்த கென் நெல்சன் பிற்காலத்தில் கூறினார். ஆனால் 1955ல் அதே கேப்பிடல் கம்பெனிக்கு டென்னசி எர்னி ஃபோர்ட் அந்தக் கடன் பாட்டைப் பாடிக் கொடுத்ததும், சில வாரங்களில் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. கடனாளியின் புலம்பலிலும் லாபம்!

சுரங்க இருட்டுப் பாட்டு வேறு வழியில் போயிற்று. 1968 ஜனவரி 13 அன்று ஜானி கேஷ் கலிபோர்னியாவின் ஃபோல்சம் சிறைக்குள் கைதிகள் முன்னால் அதைப் பாடினார். 'அட் ஃபோல்சம் பிரிசன்' ஆல்பத்தில் இன்றும் கேட்கலாம். கேஷ், அர்க்கன்சாஸ் மாகாணத்தில் சர்க்கார் ஏழை விவசாயிகளைக் குடியேற்றிய காலனியில் பருத்தி எடுத்து வளர்ந்தவர். (நீண்ட சிறைத் தண்டனை அனுபவித்தவர் என்று சிலர் நம்புவது தவறு. லாக்கப் இரவுகளோடு சரி.) 1964ல் செவ்விந்தியர்களுக்கு இழைத்த அநீதியைப் பற்றி 'பிட்டர் டியர்ஸ்' என்று ஒரு முழு ஆல்பமே பாடினார். வானொலிக்காரர்கள் போட மறுத்தார்கள். சொந்தச் செலவில் பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து, ஏன் பயம் என்று அவர்களைக் கேட்டார்.

1970 ஏப்ரலில் ஜனாதிபதி நிக்சன் அவரை வெள்ளை மாளிகையில் பாட அழைத்தார். இன்ன பாட்டு வேண்டும் என்று அங்கிருந்து கேட்டு அனுப்பினார்கள். ஒன்று, சர்க்கார் உதவிப் பணம் வாங்கும் ஏழைகளைச் சோம்பேறிகள் என்று நையாண்டி செய்வது. மற்றொன்று, யுத்தத்தை எதிர்த்த இளைஞர்களைக் குத்துகிற மெர்ல் ஹாகர்டின் 'ஓக்கி ஃப்ரம் மஸ்கோகி'. கேஷ் இரண்டையும் பாடவில்லை. இளைஞர்களின் கேள்விகளுக்குப் பரிந்து பேசும் தன் பாட்டைப் பாடினார். நிக்சனை எதிர்த்து நின்றார் என்று சொல்ல மாட்டேன். மரியாதையோடுதான் நடந்துகொண்டார். ஆனால் ஏழையைக் கேலி செய்ய அவர் வாய் வரவில்லை.

ஹாகர்டையும் அவசரப்பட்டு ஒதுக்கக் கூடாது. பிழைப்புத் தேடி ஓக்லஹாமாவிலிருந்து கலிபோர்னியா வந்த குடும்பம், பழைய ரயில் பெட்டியை மாற்றிக் கட்டிய வீட்டில் வளர்ந்தவர், சிறை கண்டவர். அந்த 1969ம் ஆண்டுப் பாட்டு அவரை உச்சிக்குக் கொண்டுபோனது. அடுத்ததாக, வெள்ளை ஆணும் கறுப்புப் பெண்ணும் காதலிப்பதைப் பற்றிய 'இர்மா ஜாக்சன்' பாட்டைத் தட்டாகப் போட விரும்பினார். வேண்டாம் என்று தடுத்தவர், இப்போது கேப்பிடல் கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருந்த அதே கென் நெல்சன்! பதிலாக வந்தது யுத்த எதிர்ப்பாளர்களை முஷ்டி காட்டி மிரட்டும் பாட்டு. காதல் பாட்டு 1972 வரை காத்திருந்தது. ஒரே தொழிலாளியின் வாயிலிருந்து இரண்டு பாட்டு வந்தன. எதைச் சந்தைக்கு முந்தி அனுப்புவது என்று தீர்மானித்தவன் தொழிலாளி அல்ல. கன்ட்ரி என்றாலே பிற்போக்கு என்கிற நம் தோழர்கள் கேட்பது கம்பெனி பொறுக்கி எடுத்ததைத்தான்.

பெண்களில் லோரெட்டா லின் கெண்டக்கி சுரங்கத் தொழிலாளியின் மகள். 15 வயதில் கல்யாணம், 20 வயதுக்குள் நான்கு குழந்தைகள். 1970ல் தன் பிறப்பையே 'கோல் மைனர்ஸ் டாட்டர்' என்று பெருமையோடு பாடினார். 1975ல் கர்ப்பத்தடை மாத்திரையை வரவேற்றுப் பாடியபோது பல வானொலி நிலையங்கள் அதைத் தடை செய்தன. 2016ல் டிரம்பை ஆதரித்தவரும் இவர்தான். 2022ல் இறந்தார்.

டாலி பார்ட்டன் டென்னசியில் 12 குழந்தைகள் உள்ள ஏழைக் குடும்பம். 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' என்ற அவர் பாட்டை எல்விஸ் பிரெஸ்லி பாட விரும்பினார். பாதிப் பதிப்புரிமையை எழுதிக் கொடு என்றார் பிரெஸ்லியின் மானேஜர். டாலி அழுதுகொண்டே மறுத்தார். 1992ல் விட்னி ஹூஸ்டன் அதைப் பாடி உலகமெல்லாம் விற்றபோது உரிமை டாலியின் கையில் இருந்தது. சார்லி பூலுக்கும் ரிடிலுக்கும் வாய்க்காதது இது. இன்று டாலி பெரிய பணக்காரர், கேளிக்கைப் பூங்காவே அவர் பெயரில் நடக்கிறது, மறைப்பானேன்?

ஆனால் 1980ல் அவர் வெளியிட்ட '9 டு 5 அண்ட் ஆட் ஜாப்ஸ்' ஆல்பத்தைக் கேளுங்கள். முழுக்க முழுக்க வேலையைப் பற்றிய ஆல்பம். முதல் பாட்டு ஆபீஸ் பெண்களின் சினிமாவுக்காக எழுதியது. அந்த சினிமாவுக்குப் பெயர் கொடுத்தது, 1973ல் பாஸ்டன் நகர ஆபீஸ் பெண்கள் தொடங்கிய 9டு5 சங்கம். அதே ஆல்பத்தில் அமெரிக்க வயல்களில் உழைத்துவிட்டு நாடு கடத்தப்பட்ட மெக்சிகோ கூலிகளைப் பற்றி உட்டி கத்ரி எழுதிய பாட்டும் இருக்கிறது. இன்னும் கேட்டுக்கொண்டே போனால், மெர்ல் டிராவிஸ் 1946ல் எழுதிய அந்தச் சுரங்க இருட்டுப் பாட்டு அங்கேயும் வருகிறது, இம்முறை ஒரு பெண் குரலில்.