அசையாதிருக்கும் அந்தச் சில நொடிகள்

மென்மையாக இருக்க வேண்டிய உறுப்பு இறுகிப்போவது நோயின் அடையாளம் என்பதை முற்கால ஹகீம்கள் அறிந்திருந்தனர். வலப்பக்க விலாவின் கீழே விரல்களை வைத்து அழுத்தியே கல்லீரலின் நிலையை ஊகித்தனர். அவ்விரல்களின் வேலையை இன்று ஒலியலைகள் செய்கின்றன. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஜோனதன் ஓஃபீர் என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் 1991ஆம் ஆண்டில் இம்முறையை ‘எலாஸ்டோகிராஃபி’ என்னும் பெயரால் உலகிற்கு அறிமுகம் செய்தனர். அங்கே அவருடன் பணியாற்றிய அருண் திட்டை பின்னர் சென்னை ஐ.ஐ.டி.யில் இத்துறை ஆய்வுகளை மேற்கொண்டார்.

கல்லீரலில் கொழுப்பு படிந்தவர்களுக்கும், ஹெபடைடிஸ் கிருமியால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் மருத்துவர்கள் இச்சோதனையை எழுதித் தருகின்றனர். நம் அத்திப்பட்டிலிருந்து மின்சார ரயிலேறிச் சென்னைக்குச் சென்று இதனைச் செய்துகொள்வோர், இதில் தமக்கும் ஒரு பங்குண்டு என்பதை அறிந்திருத்தல் நலம்.

கிணற்றுக் கயிற்றை இறுக்கிக் கட்டிச் சுண்டினால் அதிர்வு விரைந்தோடும். தளர்ந்த கயிற்றில் மெல்ல நகரும். கருவியும் கல்லீரலை இவ்வாறே ‘சுண்டி’, எழும் அலையின் வேகத்தைக் கொண்டு இறுக்கத்தைக் கணக்கிடுகிறது. ஒலியாலேயே சுண்டும் கருவிகளில் இத்தசையின் அசைவு ஏறத்தாழ 0.01 மில்லிமீட்டர்தான். நாம் மூச்சு விடும்போதோ கல்லீரல் 10 மில்லிமீட்டருக்கும் மேல் இடம்பெயர்கிறது! எண்ணூர்க் கழியில் சிறு கல்லை எறிந்து அலைவளையங்களை எண்ணிக்கொண்டிருக்கையில் ஒரு படகு குறுக்கே சென்றால் எண்ணிக்கை என்னவாகும்? அதே நிலைதான் இங்கும். கல்லீரலின் இடப்பகுதி இதயத்தை ஒட்டியிருப்பதால் துடிப்பு அதனை அசைக்கும். ஆகவேதான் வலக்கையைத் தலைக்கு மேல் உயர்த்தச் சொல்லி, வலப்பக்க விலா இடுக்கின் வழியே அளக்கின்றனர்.

‘மூச்சை நிறுத்துங்கள்’ என்றவுடன் அச்சத்தால் நெஞ்சு நிறைய இழுத்து அடக்குவோர் உண்டு. அதுவும் பிழையே. அப்போது கல்லீரலின் இரத்த நாளங்களில் அழுத்தம் மாறி, உள்ளதைவிட இறுக்கம் மிகுந்ததாகக் காட்டக்கூடும். இயல்பான மூச்சின் நடுவே சில நொடிகள் நிறுத்தினால் போதும். அடக்க இயலாத முதியவர்கள் அதனை முன்னரே சொல்லிவிடவேண்டும். தவறான ஓர் எண், நலமானவரின் குடும்பத்தை உறக்கமிழக்கச் செய்யும். நோயாளிக்கோ பொய்யான ஆறுதலைத் தந்துவிடும்.

ரயிலிலிருந்து இறங்கி ஓடோடிச் சென்று படுக்காமல் 10 நிமிடமாவது அமர்ந்து இளைப்பாறுங்கள். உணவருந்தி 2 முதல் 4 மணி நேரம் கழிந்திருக்க வேண்டும். மருத்துவமனை சொல்லும் கணக்கைக் கேட்டுக்கொள்ளுங்கள். ரமளானில் நோன்பாளிக்கு இந்நிபந்தனை தானாகவே நிறைவேறிவிடுகிறது. தோலின் மேல் களிம்பு பூசிச் செய்யப்படுவதால் இச்சோதனையால் நோன்பு முறிவதுமில்லை. கூச்சத்தால் உடல் நடுங்கும் சகோதரிகள், பெண் பணியாளர் வேண்டும் என்று நாள் குறிக்கும்போதே கேட்பதில் தவறில்லை. பலமுறை அளந்து நடுமதிப்பை எடுப்பதே முறை. எனவே பணியாளர் மீண்டும் மீண்டும் அளந்தால் பதற்றம் வேண்டாம்.

ருகூவிலும் ஸஜ்தாவிலும் உறுப்புகள் அமைதி பெறும் அளவு நிலைத்திருக்க வேண்டும் என்று நம் பிள்ளைகளுக்குக் கற்றுத் தருகிறோம். அவசரத் தொழுகை நிறைவான தொழுகையாகாது. அல்லாஹ் அமானிதமாகத் தந்த இவ்வுடலைச் சோதிக்கும் நேரத்திலும் அந்த நிதானத்தைக் கைக்கொள்வோம். அவன் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.