64 மதிப்பெண்ணுக்கு அல்ஹம்துலில்லாஹ் சொல்லக் கூடாதா?

பிரிட்டனில் முதுகலை படிக்கச் சென்ற பிள்ளை, தன் முதல் கட்டுரைக்கு 64 மதிப்பெண் கிடைத்திருப்பதாக மகிழ்ச்சியோடு வீட்டுக்குச் சொல்கிறான். "ஊரில் எண்பதுக்குக் குறையாமல் வாங்கியவனுக்கு அங்கே போய் என்ன ஆயிற்று?" என்று வாப்பா கேட்கிறார். "கடன் வாங்கியல்லவா அனுப்பியிருக்கிறோம்" என்று மாமாவும் சேர்ந்துகொள்கிறார். அவனுடைய மகிழ்ச்சி அந்த இடத்திலேயே அடங்கிவிடுகிறது.

அந்நாட்டின் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் முதுகலைத் தேர்ச்சிக்கு 50 போதும். 60ஐ எட்டினால் சிறப்பு. 70ஐ எட்டினால் அதற்கும் மேலான உயர்சிறப்பு. எண்பது என்பது அங்கே அரிதினும் அரிது. மனப்பாடம் செய்து ஒப்புவித்துப் பழகிய பிள்ளை, வேற்று மொழியில், தானே சிந்தித்து வாதம் அமைத்து, வந்த சில வாரங்களுக்குள் 64 பெற்றிருக்கிறான். ஸஜ்தா செய்து நன்றி சொல்லத் தக்க செய்தி, நம் அறியாமையால் ஏச்சாக மாறிவிட்டது.

மதிப்பெண் ஒருபுறம் இருக்கட்டும். அங்கே ஒரு நாளைக் கழிப்பதற்கே நம் பிள்ளைகள் எத்தனை தடைகளைக் கடக்கிறார்கள் என்பதை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? டிசம்பரில் இலண்டனில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். லுஹர், அஸர், மஃரிப் மூன்றின் நேரமும் ஏறத்தாழ நான்கு மணி நேரத்துக்குள் அடுத்தடுத்து நுழைகின்றன. அந்நேரத்தில்தான் வகுப்பும் நடக்கிறது. கழிப்பறையில் தண்ணீர் இராது. வெற்றுப் போத்தலைப் பையில் சுமக்க வேண்டும். பலர் பார்த்திருக்க, கைகழுவும் தொட்டியில் காலைத் தூக்கி வைத்து உளூச் செய்ய வேண்டும். (தோலுறை அணிந்து அதன்மேல் மஸ்ஹு செய்யும் சலுகை இருக்கிறது. ஊரில் தங்கியிருப்போருக்கு அது ஒரு பகலும் ஓர் இரவும்தான். ஓராண்டு படிக்கச் சென்றவன் பயணி அல்லன். இச்சட்டத்தைக்கூடச் சொல்லிக்கொடுக்காமல்தான் பலரை விமானம் ஏற்றுகிறோம்.) கடையில் ஒரு பிஸ்கட் வாங்க, உறையின் பொடி எழுத்துகளில் ஜெலட்டின் இருக்கிறதா என்று தேடிப் படிக்க வேண்டும். அடுப்பங்கரைப் பக்கமே போகாத பையன் முதன்முறையாகக் குழையாமல் சோறு வடிக்கிறான். ஜும்ஆ நேரத்தில் வகுப்பு வருகிறது என்று ஆசிரியரிடம் தயங்கித் தயங்கிப் பேசி, வேறு பிரிவுக்கு மாற்றிக்கொள்கிறான். இவை ஒவ்வொன்றும் ஒரு வெற்றி.

இதற்கு நம்மிடையே எழும் மறுப்பு இரண்டு வகை. "வளைகுடாவில் நாங்கள் படாத பாடா? ஒரு வார்த்தை வீட்டில் சொன்னோமா?" என்பது முதலாவது. சொல்லவில்லை என்பது உண்மை. அதன் விலையையும் அவர்களே கொடுத்தார்கள். இருபதாண்டுகள் கழித்துத் திரும்பிய வாப்பாவோடு பேசுவதற்குப் பேச்சின்றி நின்ற பிள்ளைகளை நம் ஊர்கள் நன்கறியும். அந்த மௌனத்தைச் சொத்துபோல அடுத்த தலைமுறைக்கும் எழுதி வைக்க வேண்டுமா?

இரண்டாவது மறுப்பு மார்க்கத்தின் பெயரால் வருவது. சிறு செயலைக் கொண்டாடுவது பெருமையாம், கண்ணேறு பட்டுவிடுமாம். கண்ணேறு உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் விசா கிடைத்த அன்றே கடவுச்சீட்டைப் படம்பிடித்து ஊர்முழுக்க அனுப்பியவர்கள், பிரியாணி ஆக்கி வழியனுப்பியவர்கள், விமான நிலையத்தில் மாலையிட்டு நின்றவர்கள் இதைச் சொல்லும்போதுதான் வியப்பாக இருக்கிறது. பிள்ளை இன்னும் ஒன்றுமே செய்யாதபோது எடுத்த விழா பெருமை ஆகவில்லை. அவன் உழைத்துப் பெற்றதைத் தாயிடம் சொல்வது மட்டும் பெருமை ஆகிவிட்டதா?

காரூன் அழிந்தது, தனக்குக் கிடைத்தவை தன் அறிவால் கிடைத்தவை என்று சொன்னதால். அல்லாஹ் தந்தான் என்று சொல்லி மகிழ்பவனை அவனோடு சேர்ப்பது அநீதி. கஅப் பின் மாலிக் (ரலி) அவர்களின் வரலாற்றைப் பாருங்கள். தபூக் போருக்குச் செல்லாததால் 50 நாள்கள் ஒதுக்கி வைக்கப்பட்டவர், மன்னிப்புச் செய்தி கேட்டவுடன் ஸஜ்தாவில் விழுந்தார். பள்ளிவாசலுக்குள் நுழைந்தபோது தல்ஹா (ரலி) எழுந்து விரைந்து வந்து கைகொடுத்து வாழ்த்தினார்கள். அதைத் தாம் மறக்கவே இல்லை என்று கஅப் (ரலி) பிற்காலத்தில் சொன்னதை புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்திருக்கிறார்கள். நபியவர்கள் (ஸல்) அமர்ந்திருந்த சபை அது. எழுந்து வந்த தல்ஹாவை யாரும் கண்டிக்கவில்லை.

கல்விப் பயணத்தில் சோற்றுக்கும் களைப்புக்கும் என்ன இடம் என்று கேட்போர் சூரத்துல் கஹ்ஃபை வெள்ளிதோறும் ஓதுபவர்கள்தாம். கிள்ரு (அலை) அவர்களிடம் கல்வி கற்க மூஸா (அலை) புறப்பட்ட வரலாறு அதில் வருகிறது. வழியில் அவர்கள் தம் உதவியாளரான இளைஞரிடம் உணவைக் கேட்டதையும், பயணம் களைப்பைத் தந்துவிட்டது என்று சொன்னதையும் அல்லாஹ் 62ஆம் வசனத்தில் நிலைநிறுத்தியிருக்கிறான். ஒரு நபியின் பசியும் களைப்பும் வேதத்தில் இடம்பெறுகின்றன. நம் பிள்ளை "இன்று நானே மீன் ஆணம் காய்ச்சினேன்" என்றால், "அதற்கா அங்கே போனாய்?" என்கிறோம்.

கடனைப் பற்றிய பெற்றோரின் கவலையை நாம் இலேசாக எண்ணவில்லை. நகையை அடகு வைத்த உம்மாவுக்கு உறக்கம் வராது. ஆனால் ஒவ்வோர் அழைப்பிலும் கடனையே கேட்கும் பிள்ளை, முதலில் நல்ல செய்தியைச் சொல்வதை நிறுத்துகிறான். பிறகு கெட்ட செய்தியையும் மறைக்கிறான். காய்ச்சலில் கிடந்ததும், ஒரு பாடத்தில் தவறியதும், பேச ஆளின்றித் தவித்ததும் மாதங்கள் கழித்துப் பிறர் வாயிலாகத் தெரியவருகின்றன.

ஆகவே இந்த வாரம் அவன் அழைக்கும்போது, எங்கே ஜும்ஆ தொழுதாய், உளூவுக்கு என்ன செய்கிறாய், ஆணத்துக்குப் புளி கிடைத்ததா என்று கேளுங்கள். 64 என்றால் என்ன தகுதி என்று அவனையே விளக்கச் சொல்லுங்கள். கேட்டு முடித்ததும் "அல்ஹம்துலில்லாஹ், மாஷா அல்லாஹ்" என்று அவன் காதில் விழும்படி சொல்லுங்கள். அவன் பெயரில் ஓர் ஏழைக்குப் பத்து ரூபாய் சதகா கொடுத்துவிட்டு, அதையும் அவனிடம் சொல்லுங்கள். நம் மதரஸா உண்டியலில்தான் போட வேண்டும் என்பதில்லை. மாமாவிடம் மட்டும் கைப்பேசியைக் கொடுக்காதீர்கள்.