கருவிக்குறிப்பின் பிழை

கணினித் திரையின் கருவிப்பட்டையில் நிரலாக நிற்கும் சிறு படங்கள் ஊமைகள். அவற்றுள் ஒன்றன்மேற் சுட்டியைச் சிறிதுபொழுது நிறுத்தின், அதன் பெயர் ஒரு சிறு கட்டத்துள் தோன்றும். அதனைக் கருவிக்குறிப்பு என்பர். கோப்பைச் சேமித்தற்குரிய படம் நெகிழ்வட்டின் வடிவினது. நெகிழ்வட்டையோ இக்காலத்து மாணாக்கருட் பெரும்பாலார் கண்ணாற் கண்டதில்லை. படத்தின் பொருளறிதற்கு அவர்க்குக் குறிப்பே துணை.

இத்துணைச் சிறியதோர் உறுப்பின் பிழையைப் பற்றி எழுதுவானேன் என்று நண்பர் சிலர் நகைத்தனர். நகைக்கட்டும்.

பயர்பாக்ஸ் என்னும் உலவியில் நெடுங்காலம் ஒரு குறை இருந்தது. கருவிப்பட்டையின்மேற் சுட்டி நிற்க, அதனை அசைக்காது விசைப்பலகை வழியே வேறொரு செயலிக்கு மாறினால், முன்னைய குறிப்பு நீங்காது புதிய செயலியின் எழுத்துக்களை மறைத்துக்கொண்டு மேலே நிற்கும். பந்தி முடிந்தும் இலையைவிட்டு எழாத விருந்தினனைப் போல. இக்குறை 2002 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மொசில்லாவின் பிழைப்பதிவேட்டில் 148624 என்னும் எண்ணின்கீழ்ப் பதியப்பெற்றது. பயர்பாக்ஸ் என்னும் பெயர் இடப்பட்டதே 2004 இல்தான். ஆகவே பிழை அவ்வுலவியின் பெயரினும் மூத்தது, என்னினும் மூத்தது. 2023 அக்டோபரில் வெளிவந்த 119 ஆம் பதிப்பிலேயே அது தீர்ந்தது. உலவியின் சாளரம் முன்னணியில் இல்லாதபோது குறிப்பைக் காட்டலாகாது என்பதே தீர்வின் சாரம்.

2001 இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியில் இதற்கு மறுதலையான குறை ஒன்றுண்டு. பணிப்பட்டையின் குறிப்பு அப்பட்டையின் பின்னே ஒளிந்துகொள்ளும். அதன் மூலநிரல் பிறர்க்கு மூடியது. காத்திருத்தலன்றிப் பயனர்க்கு வேறு வழியில்லை. பயர்பாக்ஸின் மூலநிரலோ யாவர்க்கும் திறந்தது. திறந்திருந்தும் இருபத்தோராண்டு கழிந்ததேன்? செயலியை வீழ்த்தும் பிழைகளும் களவுக்கு வழிவிடும் பிழைகளும் முதலிற் களையப்படுதல் முறையே. அதனை யான் மறுக்கவில்லை. ஆயின் நாள் குறியாத ‘பின்னர்’ என்பது பெரும்பாலும் ‘ஒருபோதுமில்லை’ என்றே முடிகின்றது. ஆண்டுக்கொரு கிழமையேனும் பழைய சிறு பிழைகட்கென ஒதுக்குதல் வேண்டும் என்பது என் கருத்து.

சிறிது என்று அளப்பவர் யார் என்பதையும் எண்ணுக. எம் தருமபுரி மாவட்டத்து அரூர், பென்னாகரம் முதலிய வட்டங்களில், 2011 இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே முதன்முதற் கணினியைத் தொட்ட பிள்ளைகள் பலர். கேட்டறிதற்கு வீட்டில் ஒருவருமிலர். பழகியவன் பிறழ்ந்த குறிப்பைப் பொருட்படுத்தாது கடந்து செல்வான். புதியவனோ கருவியின் குற்றத்தைத் தன் அறியாமை என்று கொள்வான்.

பயர்பாக்ஸ் தமிழிலும் கிடைக்கின்றது. தமிழ்க் குறிப்பில் ஒரு சொல் பொருள் மயங்கினும், நீண்டு கட்டத்துள் அடங்காது அறுபடினும், அதனைக் காணத் தக்கவர் தமிழ் பயில்வாரே. பிழையைப் பதிதற்கு நிரலெழுதும் பயிற்சி வேண்டுவதில்லை. எப்பதிப்பு, எதனை அழுத்தினேன், எதனைக் கண்டேன் என மூன்று வரி போதும். வேண்டுமாயின் ஒரு திரைப்படமும் பிடித்து உடன் வைக்கலாம்.