விதையோடு செல்லும் சான்றிதழ்

கூலாய் வட்டாரத்தில் சாலையின் இருமருங்கிலும் செம்பனை மரங்கள் அணிவகுத்து நிற்கின்றன. இம்மரத்தின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்காவாகும். 1848ஆம் ஆண்டில் ஜாவாத் தீவின் போகோர் பூங்காவில் நடப்பட்ட நான்கு கன்றுகளின் வழித்தோன்றல்களே பின்னாளில் மலாயாத் தோட்டங்களிலும் பரவின. மரம் கடல் கடந்து வந்தது. ஆப்பிரிக்காவில் அதனைக் கொல்லும் பியூசேரியம் வாடல் நோயோ மலேசியத் தோட்டங்களில் காலூன்றவில்லை.

மண்ணில் வாழும் ஒரு பூஞ்சையே இந்நோய்க்குக் காரணம். அது வேர் வழியாக நுழைந்து, மரத்துக்குள் நீர் செல்லும் குழாய்களை அடைத்துவிடும். விதையில் ஒட்டிக்கொண்டும் பயணம் செய்யும், கண்ணுக்குப் புலப்படாது. 1980களில் பிரேசிலிலும் எக்குவடோரிலும் இந்நோய் கண்டறியப்பட்டது. அங்குக் கிடைத்த பூஞ்சை மேற்கு ஆப்பிரிக்கப் பூஞ்சையை ஒத்திருந்தது. ஆகவே, அங்கிருந்து வந்த விதை வழியாக நோய் நுழைந்திருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

இத்தகைய இழப்பைத் தவிர்க்கவே 1951ஆம் ஆண்டில் அனைத்துலகத் தாவரப் பாதுகாப்பு ஒப்பந்தம் உருவானது. விதையோ தானியமோ வாங்கும் நாடு தன் நிபந்தனைகளை முன்கூட்டியே அறிவிக்கிறது. மண் ஒட்டியிருக்கக்கூடாது, குறிப்பிட்ட பூச்சியோ நோயோ இருக்கக்கூடாது, தேவையானால் மருந்துப் புகையூட்ட வேண்டும் என்பன அவற்றுள் சில. அனுப்பும் நாட்டின் அரசு அதிகாரிகள் மாதிரி எடுத்துச் சோதித்த பின்னரே தாவர நலச் சான்றிதழ் வழங்குவர். பயிரின் அறிவியல் பெயர், விளைந்த இடம், பயன்படுத்திய மருந்து ஆகியவை அதில் இடம்பெறும். விற்பவரே அதனை எழுதிக்கொள்ள இயலாது. அதன் மதிப்பே அதில்தான் உள்ளது.

இது வீண் அலைச்சல் என்று குறைகூறும் வணிகர்கள் உள்ளனர். அக்குறையை முற்றாகத் தள்ளிவிட முடியாது. முளைவிட்ட விதை பல நாள் காத்திருக்காது; தாமதமானால் கெட்டுவிடும். ஆனால், அதற்குத் தீர்வு சோதனையைத் தளர்த்துவதன்று. சோதனைக்கூடங்களையும் பயிற்சி பெற்ற அதிகாரிகளையும் கூட்டுவதே முறை. சிறு வணிகர்களுக்கு ஒவ்வொரு நாட்டின் நிபந்தனையையும் எளிய மொழியில் விளக்கிச் சொல்லவும் ஆள் வேண்டும்.

ஊருக்குச் சென்று திரும்பும் பாட்டி கைக்குட்டையில் முடிந்து வரும் அவரை விதைக்கும் இவ்விதி பொருந்தும். அன்பினால் கொண்டுவந்தது என்பது பூஞ்சைக்குத் தெரியாது. மலேசியச் செம்பனை இவ்வாடல் நோயிலிருந்து தப்பியிருப்பதில் தனிமைப்படுத்தல் விதிகளுக்குப் பெரும் பங்குண்டு. பிறர் அனுப்பும் விதை தூய்மையாக இருக்க வேண்டுமென எதிர்பார்க்கும் நாடு, தான் அனுப்பும் மூட்டையிலும் அதே கண்டிப்பைக் காட்டுவதுதானே நியாயம்?