ஸ்டோர் ரூமில் தூங்கும் கணினி

நம் ஊர் வீவக வீடுகளில் ஸ்டோர் ரூமைத் திறந்தால் மூன்று பொருள்கள் பெரும்பாலும் இருக்கும். பொங்கலுக்கு மட்டும் வெளியே வரும் பெரிய பானை, சக்கரம் உடைந்த பயணப்பெட்டி, தூசி படிந்த மேசைக்கணினி. பானையும் பெட்டியும் என்றாவது தேவைப்படும். கணினி ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டால், "தூக்கிப் போட மனசு வரல, வச்சிருந்தும் பிரயோஜனம் இல்ல" என்பார்கள்.

வானொலியில் வேலை என்றதும் எல்லா ஒயரும் நமக்கு அத்துபடி என்று உறவினர்கள் முடிவு செய்துவிடுகிறார்கள். அதனால் 2025 அக்டோபரிலிருந்து என்னிடம் அடிக்கடி வருவது ஒரே கேள்விதான்: "விண்டோஸ் 10 முடிஞ்சு போச்சாமே, புதுசு வாங்கணுமா?"

அந்த மாதம் 14ஆம் தேதியுடன், விண்டோஸ் 10க்கு வழக்கமாகத் தந்துவந்த இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால், பொதுவாக இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது ஏஎம்டி ரைசன் 2000 வரிசை, அல்லது அவற்றுக்குப் பின் வந்த பிராசசர் வேண்டும். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். 2017ல் ஆசையாக வாங்கிய கணினி நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும், வாசலிலேயே நிறுத்தப்படுகிறது.

அதற்காக உடனே ஆயிரம் வெள்ளியை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓட வேண்டாம். கணினி ஒரே பொருள்போலத் தெரிந்தாலும் அதற்குள் ஏழெட்டுப் பாகங்கள் இருக்கின்றன. எல்லாப் பாகத்துக்கும் ஒரே நேரத்தில் வயதாவதில்லை. எதற்கு வயதாகிவிட்டதோ அதற்கு மட்டும் செலவழித்தால் போதும்.

எதற்கு வயதாகிறது?

முதலில், மூப்பே இல்லாதவை. வெளிப்பெட்டி, அதாவது கேசிங், வெறும் தகரம். ஏடிஎக்ஸ் என்ற அளவுமுறையை இன்டெல் 1995ல் கொண்டுவந்தது. திருகாணித் துளைகளின் இடம் அன்றிலிருந்து பெரிதாக மாறவில்லை. அதனால் பத்து, பதினைந்து ஆண்டுப் பழைய கேசிங்கில் இன்றைய மதர்போர்டு உட்கார்ந்துவிடும். விசைப்பலகை, மௌஸ், திரை ஆகியவையும் அப்படித்தான். திரையில் பழைய விஜிஏ இணைப்பு மட்டும் இருந்தால் ஒரு சின்ன மாற்றி வாங்கிக்கொள்ளலாம்.

பிராசசரும் ரேமும் எளிதில் கெடுவதில்லை. நீண்ட நாள் கிடந்த கணினியைப் போட்டதும் 'பீப் பீப்' என்று கத்திவிட்டுத் திரை கறுப்பாகவே இருந்தால் பயப்படாதீர்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் ரேமின் தங்கநிற முனைகளில் அழுக்குப் படிந்திருக்கலாம். கழற்றி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, காய்ந்தபின் 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்திப் பொருத்தினால் பல நேரம் உயிர் வந்துவிடும்.

அடுத்து, வயதாகிறவை. சுழலும் ஹார்ட் டிஸ்க், மின்விசிறி, பிராசசர் மேல் தடவிய தெர்மல் பேஸ்ட், மதர்போர்டில் இருக்கும் வட்ட பேட்டரி, பவர் சப்ளை. இந்த ஐந்தையும்தான் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்.

அந்த வட்ட பேட்டரியை மட்டும் லேசாக எண்ணிவிடாதீர்கள். அதன் பெயர் சிஆர்2032. அது தீர்ந்துவிட்டால், பிளக்கைப் பிடுங்கியதும் கணினி தேதியை மறந்துவிடும். தேதி தவறாக இருந்தால் வங்கித் தளம் முதல் பள்ளித் தளம் வரை எதுவும் "பாதுகாப்பு இல்லை" என்று கதவைச் சாத்தும். 'கணினியே போச்சு' என்று ஓரங்கட்டப்பட்ட சில பெட்டிகளுக்கு இரண்டு வெள்ளி வைத்தியம் போதுமாக இருந்திருக்கும்.

முதல் கேள்வி: யாருக்கு, எதற்கு?

என்னுடன் வேலை பார்க்கும் ஒரு தோழியின் மகள் தொடக்கநிலை ஐந்தில் படிக்கிறாள். உயர்நிலைப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கற்றல் சாதனம் கிடைத்துவிடுகிறது. அதுவரை அம்மாவின் கைத்தொலைபேசியும் வீட்டில் இருப்பதும்தான். அவர்கள் வீட்டில் இருந்தது 2017ல் வாங்கிய கணினி. இன்டெல் ஐ5-7400 பிராசசர், 8ஜிபி ரேம், ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க். திறக்க நான்கு நிமிடம் ஆகும். ஒரு கடையில் கேட்டதற்கு, "பழசு, தூக்கிப் போடுங்க" என்று சொல்லி 1,150 வெள்ளிக்குப் புதியது காட்டியிருக்கிறார்கள். மாதக் கடைசியில் அந்தத் தொகை அவர்களுக்குச் சின்னது இல்லை.

பிள்ளைக்கு என்ன வேலை என்று பட்டியல் போட்டோம். பள்ளியின் எஸ்எல்எஸ் கற்றல் தளம், கூகுள் டாக்ஸ், வாரம் ஒருமுறை ஸூமில் துணைப்பாடம், கொஞ்சம் தமிழ்த் தட்டச்சு, நிறைய யூடியூப். எல்லாமே உலாவியில் நடப்பவை. இதற்கு விண்டோஸ் 11 கட்டாயம் இல்லை. லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளமே போதும். அதற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தொடர்ந்து வருகின்றன. தமிழ்99 விசைமுறையும் அதில் உண்டு. யுஎஸ்பி குச்சியில் ஏற்றி, கணினியில் எதையும் அழிக்காமல் முதலில் ஓட்டிப் பார்க்கலாம். பிடித்தால் மட்டும் நிறுவிக்கொள்ளலாம்.

2025 செப்டம்பர் பள்ளி விடுமுறையில் அந்த வேலையைச் செய்தோம். செலவுக் கணக்கு இதுதான்:

500ஜிபி எஸ்எஸ்டி – 48 வெள்ளி
பழைய 8ஜிபி ரேம், இரண்டாங்கை – 22 வெள்ளி
தெர்மல் பேஸ்ட் – 6 வெள்ளி
சிஆர்2032 பேட்டரி – 2 வெள்ளி
மொத்தம் – 78 வெள்ளி

நான்கு நிமிடத்தில் திறந்த கணினி அரை நிமிடத்தில் திறந்தது. இதில் மந்திரம் ஏதும் இல்லை. ஹார்ட் டிஸ்க்கில் ஒரு தகவலைத் தேடி எடுக்க, தட்டு சுழன்று ஊசி நகர வேண்டும். எஸ்எஸ்டியில் நகரும் பாகமே கிடையாது. பழைய கணினி மெதுவாக இருப்பதற்குப் பெரும்பாலும் டிஸ்க்தான் காரணம், பிராசசர் பாவம் சும்மா காத்துக்கொண்டிருக்கும்.

விண்டோஸ்தான் வேண்டும் என்றால்

எல்லாருக்கும் லினக்ஸ் சரிப்படாது. அலுவலக மென்பொருள், கணக்கு மென்பொருள், சில விளையாட்டுகள், ஃபோட்டோஷாப் என்று வரும்போது விண்டோஸ் தேவைப்படும். அப்போது பிராசசரையும் மதர்போர்டையும் மாற்ற வேண்டும்.

இங்கே பலர் விழும் குழி ஒன்று உண்டு. ஏழாம் தலைமுறை இன்டெல் பிராசசருக்கும் எட்டாம் தலைமுறைக்கும் சாக்கெட்டின் எண் 1151தான். 'பலகை அதுவேதானே, பிராசசரை மட்டும் மாற்றுவோம்' என்று வாங்கி வருவார்கள். பொருத்தினால் உட்காரும், ஆனால் ஓடாது. எண் ஒன்றாக இருந்தாலும் இன்டெல் அந்தப் பலகைகளில் அதை ஆதரிக்கவில்லை. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் கொஞ்சம் தாராளமானது. 2017ல் வந்த அந்த வகைப் பலகைகளில் பலவற்றில், பயாஸைப் புதுப்பித்தால் பின்னாளில் வந்த ரைசன் 5000 வரிசையே ஓடும்.

என் உறவுக்காரத் தம்பி ஒருவர் அதே செப்டம்பரில் இப்படித்தான் செய்தார். ரைசன் 5 5600ஜி பிராசசர் 175 வெள்ளி, ஏ520 மதர்போர்டு 88, எஸ்எஸ்டி 48, பவர் சப்ளை 58. மொத்தம் 369 வெள்ளி. கேசிங், திரை, விசைப்பலகை, இரண்டு 8ஜிபி டிடிஆர்4 ரேம் எல்லாம் பழையவை. பிராசசர் பெயரின் கடைசியில் இருக்கும் அந்த 'ஜி' எழுத்தைக் கவனியுங்கள். படம் காட்டும் வசதி அதற்குள்ளேயே இருக்கிறது என்று பொருள். 'ஜி' இல்லாத ரைசன் 5000, 'எஃப்' என்று முடியும் இன்டெல் ஆகியவற்றை வாங்கினால் தனியாக கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிவிட்டுப் பிறகு இன்னொரு செலவு.

ரேமிலும் ஒரு விவரம். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஒன்றுக்கொன்று பொருந்தாது. அடியில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். உட்காரவில்லை என்றால் அழுத்தாதீர்கள், வகையைப் பாருங்கள். 2025 பிற்பகுதியிலிருந்து செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் ரேம் விலை நன்றாக ஏறிவிட்டது. எஸ்எஸ்டி விலையும் கூடவே ஏறியது. மேலே சொன்ன விலைகளில் இன்று கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதே காரணத்தால், உங்கள் மேசை டிராயரில் கிடக்கும் பழைய டிடிஆர்4 குச்சிக்கு இப்போது மதிப்பு அதிகம்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடம்

பவர் சப்ளை. ஏழெட்டு ஆண்டு ஓடியது என்றால் மாற்றிவிடுங்கள். பெயர் தெரியாத மலிவுச் சரக்கு என்றால் வயது பார்க்காமலே மாற்றுங்கள். அது கெடும்போது சில நேரம் மதர்போர்டையும் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போய்விடும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத வீட்டுக் கணினிக்கு நல்ல தயாரிப்பில் 450 வாட் தாராளம்.

பவர் சப்ளை பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும். பழைய பவர் சப்ளையின் கழற்றக்கூடிய ஒயர்களைப் புதியதில் செருகவும் கூடாது. முனை பொருந்தும், ஆனால் உள்ளே ஒயர் வரிசை வேறாக இருக்கலாம், டிஸ்க் கருகிவிடும். மற்ற வேலைக்கு முன்னாலும் பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி, கேசிங்கின் உலோகத்தை ஒருமுறை தொட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

கடைக்குப் போகுமுன்

தேக்காவிலிருந்து நடக்கும் தூரத்தில் சிம் லிம் ஸ்குவேர் இருக்கிறது. அங்கே போனாலும் கரோசலில் வாங்கினாலும், மதர்போர்டின் பெயர், ரேமின் ஸ்டிக்கர், பவர் சப்ளையின் ஸ்டிக்கர் மூன்றையும் படம் எடுத்துக்கொண்டு போங்கள். "அங்கிள், இதுக்குப் பொருந்துமா?" என்று படத்தைக் காட்டிக் கேட்பதற்கும், "ஒரு ரேம் வேணும்" என்று கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு. குறைந்தது மூன்று கடையில் விலை கேளுங்கள். ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

இரண்டாங்கைப் பொருள் என்றால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். டிஸ்க்கின் உடல்நிலையை கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் காட்டும். "எச்சரிக்கை" என்று வந்தால் வேண்டாம். அலுவலகங்கள் கழித்துவிட்ட மேசைக்கணினிகள் மலிவாகக் கிடைக்கும். அப்படியே பயன்படுத்த அவை நல்லவை. ஆனால் அவற்றில் பல, பவர் சப்ளையையும் மதர்போர்டையும் தங்களுக்கே உரிய வடிவில் வைத்திருப்பதால், பாகம் பாகமாக மாற்ற நினைத்தால் கை கொடுக்காது.

பழைய டிஸ்க், பழைய ரகசியம்

கழற்றிய ஹார்ட் டிஸ்க் நலமாக இருந்தால் குடும்பப் படங்களுக்கு இரண்டாவது பிரதியாக வைத்துக்கொள்ளலாம். ஒரே பிரதியாக வேண்டாம். யாருக்காவது கொடுப்பது அல்லது கழிப்பது என்றால் முதலில் முழுவதும் அழித்துவிடுங்கள். 'குவிக் ஃபார்மேட்' செய்தால் பட்டியல் மட்டும்தான் போகும். அடையாள அட்டைப் படமும் வருமான வரிக் கோப்பும் உள்ளேயே இருக்கும். லினக்ஸில் 'டிஸ்க்ஸ்' என்ற செயலியில் சுழியங்களால் மேலெழுதும் வசதி உண்டு. சில மணி நேரம் ஆகும், ஓடவிட்டுத் தூங்கப் போகலாம்.

மிஞ்சிய பாகங்களைக் குப்பைக் குழாயில் போடாதீர்கள். சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 60,000 டன் மின்கழிவு சேர்கிறது என்கிறது தேசிய சுற்றுப்புற வாரியம். 2021 ஜூலை முதல் இதற்கெனத் தனித் திட்டம் நடப்பில் உள்ளது. கடைத்தொகுதிகளிலும் சமூக மன்றங்களிலும் மின்கழிவுத் தொட்டிகள் உள்ளன. 300 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள பெரிய மின்பொருள் கடைகள் கடையிலேயே சேகரிக்க வேண்டும்.

ஓடக்கூடிய பொருளுக்கு இன்னொரு வழியும் உண்டு. 2020ல் பள்ளிப்பாடம் முழுக்க வீட்டுக்கு வந்தபோது, என்ஜினியரிங் குட் என்ற அறநிறுவனத்தின் தொண்டூழியர்கள், மக்கள் நன்கொடையாகத் தந்த பழைய மடிக்கணினிகளைச் சீராக்கி, கணினி இல்லாத குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது இன்னொரு வீட்டில் வகுப்பறையானது.

கடைசியாக, பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இந்த வேலையைப் பிள்ளைகள் தூங்கிய பிறகு செய்யாதீர்கள். திருகாணியை எடுத்துவைக்கும் பொறுப்பை அவர்களிடம் கொடுங்கள். தோழியின் மகள்தான் எஸ்எஸ்டியைச் செருகினாள். "இவ்வளவுதானா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு கணினி மக்கர் பண்ணினால் அவள் அம்மாவைக் கூப்பிடுவதில்லையாம். முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டார்ச் லைட்டைத் தேடுகிறாளாம்.